மடத்துக் கதவு

சிற்றம்பலம் உள்ளே வந்த வேகத்தில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

குரு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "கதவு" என்றார்.

"மன்னிக்கணும் சாமி."

சீடன் திரும்பிப் போய்க் கதவைத் திறந்து, மெதுவாகச் சாத்திவிட்டு வந்தான். நாற்பதைக் கடந்தவன். படிக்காத பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருவது மடத்தில் அவன் வேலை.

"என்னால முடியல சாமி. அந்தப் பூங்காவனத்தம்மாவை நிறுத்திடலாம்."

"யாரு?"

"விறகு சுமக்கிறவங்க. ரெண்டு வருஷமா வர்றாங்க. நேத்துச் சொன்ன எழுத்து இன்னைக்கு ஞாபகம் இல்ல. கையைப் பிடிச்சு எழுத வெச்சும் பார்த்துட்டேன். எனக்கு அலுத்துப்போச்சு. வெளியிலதான் நிக்கிறாங்க, நீங்களே சொல்லி அனுப்பிடுங்க."

குரு அவளைக் கூப்பிட்டார். சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"எழுத்து ஏறலையாமே, அம்மா?"

"இந்தத் தலையில விறகுதான் ஏறுது சாமி."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை.

"என் மகனுக்குக் காதும் கேக்காது, பேச்சும் வராது. விடுதிப் பள்ளியில படிச்சுட்டு வந்திருக்கான். எதுன்னாலும் எழுதித்தான் காட்டுவான். நான் தலையை ஆட்டுவேன். எதுக்கு ஆட்டுறேன்னு எனக்கே தெரியாது. அவன் அதைக் கண்டுபிடிச்சுட்டான். ஒரு வாரமா எழுதிக் காட்டுறதே இல்ல."

குரு, "வெளியில இருங்கம்மா" என்றார்.

"வராதேன்னு மட்டும் சொல்லிடாதீங்க சாமி." அவள் போனாள்.

சிற்றம்பலம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "பாவம்தான். பாவம் பார்த்தா எழுத்து வந்துடுமா? எத்தனை தடவைதான் ஒண்ணையே சொல்றது?"

குரு துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தார்.

சீடன் காத்திருந்து பார்த்தான். பிறகு எரிச்சலோடு வெளியே போனான். கதவு படாரென்றது.

"சிற்றம்பலம்."

அவன் கதவைத் திறந்தான். அதைப் பிடித்தபடியே நின்றான்.

"இதை எத்தனை வருஷமாச் சொல்றேன்?"

"மடத்துக்கு வந்த நாள்லேருந்து, சாமி. பதினாலு வருஷம்."

அவனுக்குப் பின்னால், வாசல்படியில், பூங்காவனம் முந்தானையால் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

குரு துணியை முழங்காலில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார்.

"நாளைக்கும் சொல்றேன்" என்றார்.