ஜாக்கிக்குள் காற்று

"அவனை அனுப்பிடுங்கம்மா. இல்லேன்னா நான் போயிடறேன்."

சீடர் தில்லைக்கண்ணு இப்படி வந்து நின்றபோது குருவம்மா மடத்து முற்றத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சீடரைவிட அவருக்கு வயது கம்மி. அதனால் சீடரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"யாரை அண்ணே?"

"உங்க இன்னொரு சீடன் வரதனைத்தான். வேனைத் தூக்கி, அடியில படுத்து சைலன்சரைக் கட்டிக்கிட்டிருந்தேன். ஜாக்கி தானா இறங்குது! உருண்டு வெளிய வரலேன்னா நசுங்கியிருப்பேன். என்னைத் தவிர அதைத் தொடறவன் அவன் ஒருத்தன்தான். என்னமோ பண்ணி வச்சிருக்கான்."

"எதுக்குப் பண்ணணும்?"

"மடத்துச் சாவியை என்கிட்ட குடுத்தீங்கல்ல. அன்னையிலேருந்து அவன் சிரிப்பே சரியில்லை."

குருவம்மா ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"சாயங்காலம் அனுப்பிடலாம். ஜாக்கியை எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தார். குருவம்மா அதை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் தடவிப் பார்த்தார். விரலில் ஆயில் ஒட்டவில்லை.

"எங்கேயும் ஒழுகலையே."

"அதைத்தான் சொல்றேன். வெளிய தெரியாம உள்ள கை வச்சிருக்கான்."

"அந்த ரப்பர் மூடியைப் பிடுங்குங்க. கீழ இருக்கற திருகைத் தளர்த்துங்க. இப்ப அடிங்க."

தில்லைக்கண்ணு ஹேண்டிலை அடித்தார். பஞ்சு மூட்டையை அமுக்குகிற மாதிரி மெத்தென்று போனது. மூடி இருந்த ஓட்டையில் குளுக் குளுக்கென்று குமிழி வந்தது.

"என்னம்மா இது?"

"காத்து."

"பாத்தீங்களா! காத்தை ஏத்தி விட்டிருக்கான், பாவி!"

"நிமிர்த்தி வச்சு அடிச்சா ஆயிலை இழுக்கும். படுக்கப்போட்டு அடிச்சா காத்தை இழுக்கும். அவ்வளவுதான். யாரு படுக்கப்போட்டு அடிச்சது?"

சீடரின் கை நின்றுவிட்டது.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"ஜாக்கியை நான்தான் என் கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன். அவன் கைக்குப் போயிடக் கூடாதுன்னு."

"நிமிர்த்தியா?"

"தாழ்வான கட்டிலும்மா. படுக்கப்போட்டாத்தான் உள்ள போகும்."

"சரி. அடிச்சது?"

தில்லைக்கண்ணு தரையைப் பார்த்தார்.

"தினமும் அடிச்சுப் பாப்பேன். அவன் ஏதாவது பண்ணிட்டானான்னு."

குருவம்மா திரும்பவும் கீரையை எடுத்துக்கொண்டார்.

"அடிங்க. இன்னும் வருது."

குமிழி நிற்கும்வரை அடித்தார். திருகை இறுக்கி, குறைந்த ஆயிலை ஊற்றி, மூடியைப் போட்டார். வேனுக்கடியில் வைத்து மறுபடி அடித்தபோது ஹேண்டில் கல் மாதிரி நின்றது. வேன் எழுந்தது.

வரதன் கையில் கட்டுக்கம்பியோடு வந்தான்.

"தூக்கியாச்சா அண்ணே? நீங்க பயந்து போயிருப்பீங்க. நான் கட்டிடறேன்."

பதிலுக்குக்கூட நிற்கவில்லை. மல்லாந்து படுத்து உள்ளே போய்விட்டான். குதிகால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது.

தில்லைக்கண்ணு ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். ஜாக்கியைப் பார்த்தார். குதிகாலைப் பார்த்தார். திரும்ப ஜாக்கியைப் பார்த்தார்.

"சாயங்காலம் அனுப்பிடலாமாண்ணே?" குருவம்மா மெதுவாகத்தான் கேட்டார்.

தில்லைக்கண்ணு ஹேண்டிலை விட்டார். மடத்துக்குப் பின்னால் ஓடினார். பெரிய முட்டுக்கட்டை ஒன்றை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்.

"டேய் வரதா! வெளிய வாடா! முட்டுக் குடுக்காம உள்ள போவியா?"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"நீங்கதானே அண்ணே தூக்கியிருக்கீங்க."