கன்னி மூலைக் கட்டில்

ரிட்டயர்டு தாசில்தார் வேதாசலம் வாஸ்து பார்க்காமல் பல் கூடத் துலக்க மாட்டார். வாஸ்துவுக்காக வாசற்கதவையே இடம் மாற்றியவர், ஒழுகுகிற மொட்டைமாடியை மட்டும் தொடவில்லை. ஒழுகியது சமையல்காரி அன்னக்கொடி படுக்கும் அறைதானே; அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவர் பார்த்ததில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவள் போய்ச் சொன்னாள். அவர் பேப்பரை இறக்காமலே தீர்ப்புச் சொன்னார்: "காலணா செலவு பண்ண மாட்டேன். செலவில்லாம ஒழுகலை நிறுத்து, இல்லாட்டி வேற வேலை பார்த்துக்கோ."

"நிறுத்திடலாங்கய்யா," என்றாள் அன்னக்கொடி. "ஒரு சந்தேகம். என் ரூம் தென்மேற்கு மூலையாமே? அந்தக் கன்னி மூலையில படுக்கிறவங்கதான் வீட்டை ஆளுவாங்கன்னு நீங்கதானே சொல்வீங்க?"

பேப்பர் இறங்கியது. மாலைக்குள் அவருடைய தேக்குக் கட்டில் அந்த அறைக்குப் போனது. அவள் பாய் அவருடைய அறைக்கு வந்தது.

மறுநாள் மதியத் தூக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. மூக்கில் முதல் சொட்டு விழுந்ததும் தாசில்தாருக்குக் கொத்தனார் வீட்டுக்கு வழி ஞாபகம் வந்துவிட்டது. வெயில் வந்த அன்றே மாடித் தளம் புதிதாகப் பூசப்பட்டது.

"செலவில்லாம நிறுத்தறேன்னியே?" என்று உறுமினார்.

"எனக்கு ஒண்ணும் செலவாகலீங்கய்யா," என்றாள் அன்னக்கொடி. "உங்க கட்டில் மாறினதும் ஓட்டை தானா அடைஞ்சுபோச்சு."