ராஜாவைப் பெண்ணென்று எழுதின ஓலை

மணல்மேட்டூர் ராஜாவுக்குச் சளி பிடித்தது நல்லதாகப் போயிற்று. எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். ராஜா ஒரு சட்டம் போட்டார்: தெருத்தெருவாகப் போய் நோயாளிகளை ஓலையில் எழுது. ஆணுக்கு மேலைச் சாவடியில் கஷாயம், பெண்ணுக்குக் கீழைச் சாவடியில். ஓலை சொல்லாமல் மருந்து நகரக் கூடாது.

ஓலை எழுதும் பொறுப்பு தாண்டவராயருக்கு. அவருக்குக் காய்ச்சல் என்றால் நடுக்கம். வாசல் மிதிக்க மாட்டார். பத்தடி தள்ளி நின்று, எட்டிப் பார்த்து எழுதிவிட்டு ஓடிவிடுவார்.

அப்படித்தான் திருநங்கைகள் இருந்த தெருவுக்கும் வந்தார். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "ஆண், இருபத்துமூன்று பேர்" என்று கீறிவிட்டுப் போய்விட்டார்.

அந்தத் தெருவில் பெரியவள் முத்தாரம். அவள் மகளாக எடுத்து வளர்த்த பூங்காவனம் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. மேலைச் சாவடிக்குப் போனால், "சேலை கட்டினவங்களுக்கு இங்கே என்ன வேலை?" கீழைச் சாவடிக்குப் போனால், "ஓலையில ஆணுன்னு இருக்கே!" இரண்டு சாவடிக்கும் நடந்து முத்தாரத்தின் கால் தேய்ந்ததுதான் மிச்சம். நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"ராஜா, எம் பொண்ணு பொழைக்கணும். ஓலையை மாத்தி எழுதச் சொல்லுங்க."

தாண்டவராயர் மீசையை நீவினார். "என் கண்ணு தப்பாது மகாராஜா. பார்த்தாலே சொல்லிடுவேன். கேட்கிற பழக்கமே இல்லை."

ராஜா பதில் சொல்ல வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

விகடம் பேசும் மந்திரி கொன்றையான் எழுந்தான். "முதல்ல ஆவி பிடிங்க மகாராஜா. மூக்கு தெளிஞ்சா தீர்ப்பும் தெளியும். தாயே, நீ இங்கேயே இரு. ஒரு நாழிகைதான்."

உள்ளறையில் நொச்சித்தழை கொதிக்கும் பானை. ராஜா குனிந்தார். கொன்றையான் கொடியில் கிடந்த ராணியின் சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்து அவர் தலையோடு காலாகப் போர்த்தினான். பிறகு வெளியே ஓடினான்.

"தாண்டவராயரே! அந்தப்புரத்துப் பக்கம் ஒரு நோயாளி. வந்து எழுதும்!"

தாண்டவராயர் வழக்கம்போலப் பத்தடி தள்ளி நின்றார். எட்டிப் பார்த்தார். "பெண், ஒன்று."

ஓலை கீழைச் சாவடிக்குப் போயிற்று. அங்கிருந்து தாட்டியான இரண்டு பெண்கள் வந்து போர்வையோடு சேர்த்துத் தூக்கினார்கள்.

"வாம்மா, வா. பயப்படாதே. கஷாயம் கசக்காது."

"யாரடி அம்மா?" சேலையை உதறிக்கொண்டு ராஜா எழுந்தார். முகமெல்லாம் வேர்வை, மீசையில் நொச்சியிலை. பெண்கள் அலறிக் காலில் விழுந்தார்கள். "கொன்றையா, என்னடா இது?"

"ஓலை அப்படிச் சொல்லுது மகாராஜா. ஓலை சொல்லாம மருந்து நகராது. ஓலை சொல்லிட்டா மகாராஜாவும் நகரத்தானே வேணும்?"

"எவன் எழுதினான்? நான் இங்கேதானே இருக்கேன்! என்னை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"அதைத்தான் முத்தாரமும் கேட்கிறா."

ராஜா மீசையிலிருந்த நொச்சியிலையைத் தட்டிவிட்டார். அப்புறம் சிரித்த சிரிப்பில் மூக்கடைப்பே விட்டுப்போயிற்று. சபைக்கு வந்தார்.

"முத்தாரம்மா, உன்னை எப்படி எழுதட்டும்?"

"திருநங்கைன்னு தனி வரியா எழுதுங்க ராஜா. எங்க தெருவுல எத்தனை பேர் படுத்திருக்கோம்னு அப்பத்தானே உங்களுக்குத் தெரியும்? கஷாயத்துக்கு மட்டும் பொம்பளைங்க சாவடிக்கு விடுங்க."

"அப்படியே ஆகட்டும். தாண்டவராயரே, இனிமேல் யாராக இருந்தாலும் கேட்டுத்தான் எழுதணும்!"

கஷாயம் ராஜாவின் பல்லக்கிலேயே போயிற்று. அஞ்சாம் நாள் பூங்காவனம் எழுந்து கஞ்சி குடித்தாள். எட்டாம் நாள் ராணி கொடுத்த அதே சிவப்புப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, முத்தாரத்தோடு சபைக்கு வந்தாள். கொன்றையானுக்கும் ஒரு பொற்கடகம் கிடைத்தது.

அன்றைக்கென்று பார்த்து ராஜாவுக்கு மறுபடி தும்மல். தாண்டவராயர் ஓலையும் கையுமாக ஓடிவந்து முன்னால் நின்றார்.

"மகாராஜா, தாங்கள் ஆணா, பெண்ணா, திருநங்கையா?"

"ஏனய்யா, இந்த மீசை தெரியலையா?"

"மீசை நல்லாத் தெரியுது மகாராஜா. ஆனா மீசையைக் கேட்டு எழுதச் சொல்லலையே!"