பிரிக்காத பிளாஸ்டிக் உறை

எங்க ஊர் ரைஸ்மில் முதலாளி தெய்வநாயகம் பெரிய எஸ்யூவி வாங்கின கையோடு பழைய குட்டிக் காரை விற்கக் கிளம்பினார். டிரைவர் இசக்கி வேண்டாமென்றார்.

"இந்தப் புதுசைவிட அந்தப் பழசுல இடமும் சொகுசும் இருக்குன்னு காட்டு. அப்ப விக்கல."

"குலசாமி கோயிலுக்குப் போகையில காட்டுறேன், முதலாளி."

கிளம்பும்போது இசக்கி கேட்டார்: "புது சீட்டு பிளாஸ்டிக் உறையைப் பிரிச்சிரவா?"

"தொடாத. அழுக்காயிரும்."

"அப்ப பிள்ளைகளும் புளியோதரையும்?"

"எல்லாம் அந்த வண்டியில ஏத்து."

அந்தக் காலம் போலவே, முதலாளியம்மா உட்பட எல்லோரும் மடிமேல் மடியாகக் குட்டிக் காரில் ஏறினார்கள். பழைய பாட்டும் சிரிப்பும் வழியெல்லாம் கேட்டன. பின்னால் முதலாளி, திருப்பத்துக்குத் திருப்பம் பிளாஸ்டிக்கில் வழுக்கியபடி தனியே ஓட்டி வந்தார்.

பாதி வழியில் ஹார்ன் அடித்து முன்னால் போன வண்டியை நிறுத்தினார்; எஸ்யூவியை ஓரமாக நிறுத்திப் பூட்டிவிட்டு வந்து குட்டிக் காரின் கதவைத் திறந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

தள்ளி உட்கார்ந்தார்கள். அவருக்கும் இடம் இருந்தது.