கீரி பார்த்த கடல்

ஒரு மலைக்காட்டில் கீரி, நீர்நாய், முள்ளம்பன்றி மூன்றும் கூட்டாளிகளாக இருந்தன. ஆளுக்கொரு மோட்டார் சைக்கிள் வைத்திருந்தன. மூன்றுக்கும் ஒரே ஆசைதான். கடலைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆசையைக் கிளப்பிவிட்டது நீர்நாய். அது பிறந்து வளர்ந்தது ஒரு சின்ன ஓடையில். நீட்டிப் படுத்தால் முதுகு வெளியே தெரியும், அவ்வளவுதான் தண்ணீர்.

"இந்தத் தண்ணியெல்லாம் எங்கேயோ போய்ச் சேருதுல்ல? அங்கே எதிர்க்கரையே தெரியாதாம். ஒரே ஒரு தடவை அதுல முங்கி எழுந்திருக்கணும்டா" என்று அடிக்கடி சொல்லும்.

அதைக் கேட்கும்போதெல்லாம் கீரிக்கு மனசு எங்கோ போய்விடும். அது வறண்ட புதரில் பிறந்தது. எதிர்க்கரை தெரியாத தண்ணீர் எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்துத் தூக்கம் வராமல் புரளும்.

கடலுக்குப் போக அந்தக் காட்டில் தெரிந்த வழி ஒன்றுதான். வருடம் ஒருமுறை நடக்கும் பைக் பந்தயம். மலையில் கிளம்பி, காட்டைக் கடந்து, ஆற்றில் இறங்கி ஏறி, பாம்புப் புதருக்குள் நுழைந்து, மணல்மேடுகளைத் தாண்ட வேண்டும். நான்கு நாள் ஓட்டம். தார் ரோடு என்பதே கிடையாது. கடைசி நாள் சூரியன் மறைவதற்குள் கடற்கரையில் நட்டிருக்கும் கொடியைத் தொட வேண்டும். அதற்குப் பிறகு வருபவர்களுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

மூன்றும் முன்பு இரண்டு தடவை போய்ப் பாதியில் திரும்பியிருந்தன. முதல் தடவை முள்ளம்பன்றியின் முள்ளே அதன் டயரைக் குத்திக் கிழித்துவிட்டது. அடுத்த தடவை நடுக்காட்டில் கீரிக்குக் கடுமையான காய்ச்சல். மற்ற இரண்டும் வண்டிகளை மரத்தில் சாய்த்துவிட்டு, அதன் நெற்றியில் ஈர இலையை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டன. மற்ற வண்டிகள் உறுமிக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போயின.

"நீங்களாவது போங்கடா" என்றது கீரி.

"கடல் எங்கே ஓடிடப் போகுது? பேசாம படு" என்றது நீர்நாய்.

இந்த வருடம் எல்லாம் நன்றாகவே தொடங்கியது. பனி விலகாத காலையில் மூன்றும் முதல் கியரில் மலைச்சரிவில் இறங்கின. சேற்றில் வழுக்கி விழுந்தன. ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுச் சிரித்தன. நீர்நாய் வழி முழுக்க ராகம் இழுத்துப் பாடிக்கொண்டே வந்தது. மாலையில் கிழங்கு சுட்டுத் தின்றுகொண்டே கடலைப் பற்றிப் பேசின.

"அங்கே போனதும் நான் மணல்ல உருளப் போறேன். முள்ளுக்கு நடுவுல ஒரே அரிப்பு" என்றது முள்ளம்பன்றி.

"நான் சும்மா பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றது கீரி.

மூன்றாம் நாள் ஆறு வந்தது. தண்ணீர் என்றால் நீர்நாய்க்குப் பயமில்லை. அதனால் அதுவே முதலில் வண்டியை இறக்கியது. ஆனால் நீந்துவது வேறு, வண்டி ஓட்டுவது வேறு. நடு ஆற்றில் ஒரு கல் புரண்டது. வண்டி சாய்ந்தது. வெள்ளம் அதை இழுத்துக்கொண்டு போய்ப் பாறையில் மோதியது. முன்சக்கரம் கோணிக்கொண்டது. எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. நீர்நாயை மற்ற இரண்டும் கரைக்கு இழுத்துப் போட்டபோது அதன் பின்னங்கால் வீங்கியிருந்தது.

இனி அது யாருக்காவது பின்னால்தான் உட்கார வேண்டும். முள்ளம்பன்றியின் முதுகுக்குப் பின்னால் யார் உட்கார முடியும்?

"என் வண்டியில ஏறிக்கோ" என்றது கீரி. மனசாரத்தான் சொன்னது.

ஆனால் ஆற்றைக் கடந்து ஏறிய கரை மணலிலேயே கீரியின் சின்ன வண்டி திணறியது. பின்சக்கரம் சுழன்றதே தவிர நகரவில்லை. தள்ளி, இழுத்து, மறுபடி ஏறி, மறுபடி புதைந்தது. பாம்புப் புதரின் ஓரத்துக்கு வருவதற்குள் அன்றைய பொழுது போய்விட்டது. மூன்றும் அங்கேயே படுத்துக்கொண்டன.

மறுநாள் காலை அங்கே ஒரு நரி வண்டியை நிறுத்திவிட்டு நின்றிருந்தது. கெட்டிக்கார ஓட்டி என்று பெயர் எடுத்த நரி. அது கீரியை மட்டும் தனியே கூப்பிட்டது.

"தம்பி, ரெண்டு பேரை ஏத்திக்கிட்டு இந்த வண்டி மணல்மேடு ஏறாது. உனக்கே தெரியும்."

கீரி தன் வண்டியின் பின்சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னைக்குச் சாயங்காலம் கொடியைச் சுருட்டிடுவாங்க. இந்த வருஷமும் போச்சுன்னா அடுத்த வருஷம். அதுவும் போச்சுன்னா? என்கூட வா. பொழுது சாயறதுக்குள்ள நீ கடலைப் பார்த்துடலாம்."

"அவங்க ரெண்டு பேரும்?"

"யாராவது ஒருத்தர் பார்த்தாத்தானே மத்தவங்களுக்குச் சொல்ல முடியும்? நீ பார்த்துட்டு வந்து சொல்லு."

நரிக்குப் பாம்பு என்றால் நடுக்கம். கீரி முன்னால் போனால் பாம்புகள் ஒதுங்கிவிடும். அந்தக் கணக்கு கீரிக்கு அப்போது தெரியவில்லை. அதன் காதில் விழுந்தது 'கடல்' என்ற சொல் மட்டும்தான்.

கீரி திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னது. நீர்நாய் வீங்கிய காலை மெல்ல நகர்த்தி வைத்தது.

"சரி, போயிட்டு வாடா" என்றது.

முள்ளம்பன்றி செயினில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தது.

புதருக்குள் கீரி முன்னால் போனது. பாம்புகள் சரசரவென்று விலகின. நரி அதன் பின்சக்கரத்தை ஒட்டியே வந்தது. புதர் முடிந்து வெட்டவெளி தெரிந்ததும் நரி ஆக்சிலேட்டரை முறுக்கியது.

"ரொம்ப உபகாரம் தம்பி. இனி என் வழியை நான் பார்த்துக்கறேன்."

புழுதி அடங்கியபோது கீரி தனியாக இருந்தது. மோசம் போனது புரிந்தது. ஆனாலும் அது நிற்கவில்லை. மணல்மேடுகளில் புதைந்தது. வண்டியைத் தோளால் தள்ளியது. நாக்கு வறண்டது. பிற்பகலில் காற்று மாறியது. அதில் உப்பு இருந்தது. கீரியின் மீசை நடுங்கியது. கடைசி மேட்டின் உச்சியில் வண்டி ஏறி நின்றது.

கடல்!

எதிர்க்கரை இல்லை. உண்மையிலேயே இல்லை. அலை ஒன்று வந்து உடைந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் வானம் வரை தண்ணீர்.

"டேய், பாருங்கடா" என்று சொல்லிக்கொண்டே கீரி பக்கத்தில் திரும்பியது.

பக்கத்தில் மணல்தான் இருந்தது.

கீரி இறங்கிப் போய்க் கொடியைத் தொட்டது. அங்கிருந்த நாரை அதன் கழுத்தில் ஒரு சிப்பி மாலையைப் போட்டுவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போனது. கீரி தண்ணீருக்கு அருகில் உட்கார்ந்தது. எத்தனை நாள் ஏங்கிய இடம்! ஆனால் ஒவ்வொரு அலை வரும்போதும் அதற்கு நீர்நாயின் ஞாபகம்தான் வந்தது. இந்த அலைக்கு என்ன சொல்லியிருப்பான்? இதில் எப்படிப் பாய்ந்திருப்பான்? இருட்டும்வரை பார்த்தும் கீரியின் மனசு நிறையவில்லை.

விடிந்ததும் வந்த வழியே திரும்பியது. புதரோரத்தில் யாரும் இல்லை. ஆற்றங்கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. பாறையில் சிக்கிய வண்டி மட்டும் கிடந்தது. வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்து மலைக்கு ஓடியது. அங்கேயும் இல்லை.

அதன்பிறகு கீரிக்கு வேறு வேலை ஓடவில்லை. தினமும் காட்டின் ஓரத்தில் உட்கார்ந்து தூரத்து வண்டிச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டது. நிலா தேய்ந்து மறுபடி வளரத் தொடங்கியது.

ஒரு நாள் மதியம் தெரிந்த எஞ்சின் சத்தம் கேட்டது. வண்டியில் நீர்நாய் உட்கார்ந்து மெதுவாக ஓட்டிவர, முள்ளம்பன்றி பக்கத்தில் நடந்து வந்தது. இரண்டும் வெயிலில் கறுத்திருந்தன. நீர்நாயின் ரோமம் உப்பில் விறைத்து நின்றது.

"எங்கடா போயிட்டீங்க? தேடாத இடமில்லை" என்றது கீரி.

"கடலுக்கு" என்றது முள்ளம்பன்றி.

"நீ போனப்புறம் ஆத்தங்கரைக்கே திரும்பிட்டோம். இந்த ஆறு எங்கேதான் போகுதுன்னு கேட்டேன். இவன்தான், வா, போய்ப் பார்ப்போம்னான். என்னைத் தன் வண்டியில உட்கார வெச்சு, கரையோரமாவே தள்ளிக்கிட்டு நடந்தான். பந்தயம் முடிஞ்சு எவ்வளவோ நாள் கழிச்சுத்தான் போய்ச் சேர்ந்தோம்" என்றது நீர்நாய்.

"கொடியும் இல்லை, ஒரு ஈ காக்கா இல்லை. முதல் அலையே என்னைப் புரட்டிப் போட்டுடுச்சு. இவன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறான்" என்றது முள்ளம்பன்றி.

"இவன் முள்ளுல ஒரு நண்டு மாட்டிக்கிச்சுடா. அது தெரியாம இவன்—"

"இரு, நான் சொல்றேன்."

இரண்டும் மாற்றி மாற்றிப் பேசின. கீரி மீது அவற்றுக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் கீரிக்கு இன்னும் வலித்தது.

சட்டென்று நீர்நாய் திரும்பியது. "நீ எங்களுக்கு முன்னாடியே பார்த்துட்டியே. உனக்கு எப்படி இருந்துச்சு, சொல்லு."

கீரி வாயைத் திறந்தது.

"பெருசா இருந்துச்சு" என்றது.

இரண்டும் காத்திருந்தன. அதற்கு மேல் கீரிக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அது இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்து, கடலையே பார்த்திராத ஒருவனைப் போல, "அந்த நண்டு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டது.

கூட்டாளிகளோடு சேர்ந்து ஆசைப்பட்டதை அவர்களை விட்டுவிட்டுப் போய் அடைபவருக்கு, அது கைக்குக் கிடைத்த பிறகும் ஏக்கமாகவே இருக்கும்.