முற்றத்தில் செய்த ஊர்

மலையடிவாரத்தில் ஓர் ஆசிரமம். அதை நடத்தி வந்தவர் இளவயதுத் துறவி. அவரிடம் சிஷ்யையாக வந்து சேர்ந்த ஞானாம்பிகைக்குப் பேரன் பேத்தி எடுத்த வயது. டவுன் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவள். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரைச் சுவாமி என்பாள்.

ஆசிரமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை அவளிடம் ஒப்படைத்தார் சுவாமி. முதல் பாடம் ஊராட்சி. அவள் புத்தகத்தை விரித்தாள். அவர் அதை மெதுவாக மூடி வைத்தார்.

"பிள்ளைகள்ட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க அம்மா. ஐப்பசி மழையில கீழத்தெருவுல மட்டும் ஏன் வீட்டுக்குள்ள தண்ணி வருது?"

"அது பள்ளமான தெரு, சுவாமி. ஊரே அதைத்தான் சொல்லுது."

"பிள்ளைகளும் அதையே சொல்லுதா, பார்ப்போம்."

அவ்வளவுதான். பிள்ளைகள் கிளம்பிவிட்டார்கள். வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். கொத்தனாரிடம் கெஞ்சி, அவர் மட்டம் பார்க்கிற டியூபை வாங்கி, அதில் தண்ணீர் நிரப்பி, எந்தத் தெரு மேடு, எது பள்ளம் என்று பிடித்துப் பார்த்தார்கள். பிறகு செம்மண் சுமந்து வந்து முற்றத்தில் ஊரையே செய்யத் தொடங்கினார்கள். தீப்பெட்டி வீடுகள், களிமண் கோயில், ஓரத்தில் தோண்டிய குளம், குச்சி நட்ட வேப்பமரம், ஈர்க்குச்சிக் கூரை போட்ட மாட்டுக்கொட்டகை.

ஞானாம்பிகைக்கு விளக்கேற்றிக் கும்பிடும்போதும் நினைப்பு அதில்தான். இதில் பாடம் எங்கே இருக்கிறது? சுவாமியிடம் கேட்டாள். அவர் சிரித்தார்.

மேலத்தெருச் செண்பகராமன் ஒருநாள் வந்தார். தன் கொழுந்தியாள் மகள் டவுனில் படிக்கிறாள், ஊராட்சியின் கடமைகளை மூச்சு விடாமல் ஒப்பிக்கிறாள் என்றார். தன் மகள் குழலி நகக்கண்ணில் மண்ணோடு வீட்டுக்கு வருகிறாளாம். வெள்ளிக்கிழமை பெற்றோர் எல்லாரும் வருவோம், பிள்ளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனால் மேலத்தெருவே போய்விடும். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிற இடம் அந்த ஊரில் இந்த வகுப்பு ஒன்றுதான். அது கலைந்துவிடக் கூடாதே என்றிருந்தது ஞானாம்பிகைக்கு.

வியாழக்கிழமை சாயங்காலம் முற்றத்து ஊரைச் சுற்றி வந்து பார்த்தாள். வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று, குழிவாய்க் கிடந்த கீழத்தெருவில் ரெண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு நிரவினாள். கீழத்தெருப் பிள்ளை பேச்சிகனி பார்த்துக்கொண்டே இருந்தது. கிட்டே வந்து, போட்ட மண்ணை வழித்து எடுத்தது.

"எங்க தெரு இவ்வளவு ஒசரம் கெடையாது, டீச்சர்."

குழலி மட்டும் ஈர்க்குச்சிக் கொட்டகைக்கு முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். தன் வீட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அளக்கப் போய், புல்லுக்குள் ஏதோ கல்வரிசையைப் பார்த்த நாளிலிருந்தே அவள் அப்படித்தான் இருந்தாள். ஞானாம்பிகை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

வெள்ளிக்கிழமை எல்லாரும் வந்தார்கள். மேலத்தெருக்காரர்கள் ஒரு பக்கமும் கீழத்தெருக்காரர்கள் ஒரு பக்கமுமாக நின்றார்கள். செண்பகராமன் மகளைக் கூப்பிட்டார்.

"ஊராட்சியோட கடமைகள் என்னென்ன? ஒப்பி, கேப்போம்."

குழலி தலை குனிந்து நின்றாள்.

"மண்ணுல சோறாக்கப் படிச்சிருக்கா வே உம்ம மக," என்றார் பக்கத்தில் நின்றவர். சிரிப்பு எழுந்தது.

ஞானாம்பிகை சுவாமியின் பக்கம் போனாள்.

"இவங்க என்ன படிச்சிருக்காங்கன்னு நான் எதைக் காட்டட்டும், சுவாமி?"

சுவாமி துளசி மாடத்தில் இருந்த செம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். தண்ணீர் நிறைய இருந்தது.

"மேலத்தெருவுல ஊத்துங்க அம்மா."

ஊற்றினாள். தண்ணீர் மேலத்தெருவைக் கடந்தது. களிமண் கோயிலைச் சுற்றிக்கொண்டு வந்தது. குளத்துப் பக்கம் போகப் பார்த்து, ஈர்க்குச்சிக் கொட்டகையில் முட்டி நின்றது. பிறகு திரும்பி, நேரே கீழத்தெருவில் இறங்கியது. ஒரு தீப்பெட்டி வீடு மெல்ல எழும்பி மிதந்தது.

பேச்சிகனியின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்படித்தான் வரும்," என்றது பேச்சிகனி, வந்தவர்களுக்கு வழி சொல்லுகிற மாதிரி.

குழலி குத்தவைத்து உட்கார்ந்தாள். தான் செய்த கொட்டகையை ரெண்டு கையாலும் தூக்கினாள். அது இருந்த இடத்தில் விரலால் ஒரு கோடு கிழித்தாள். நின்ற தண்ணீர் அதில் புகுந்து, ஓடி, குளத்தில் போய்ச் சேர்ந்தது. கீழத்தெரு வடிந்தது. மிதந்த வீடு தரையில் உட்கார்ந்தது.

ஞானாம்பிகை காலிச் செம்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா," என்றார் செண்பகராமன். "அது யாரு கொட்டகைன்னு தெரியுதா?"

"நம்ம கொட்டகைதான் அப்பா." குழலி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்கு அடியிலதான் பழைய வாய்க்கா இருக்கு. கல்லு தெரியுது. கொட்டகைய வேப்பமரத்துப் பக்கம் தள்ளிப் போட்டுக்கலாம். எடம் இருக்கு. பேச்சிகனியும் நானும் அளந்துட்டோம்."

சொல்லிவிட்டு, கையில் இருந்த கொட்டகையை வேப்பமரத்துப் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். சாய்ந்துவிடாமல் இருக்கப் பேச்சிகனி மண் அணைத்துக் கொடுத்தது.

செண்பகராமன் குழலி கிழித்த ஈரக்கோட்டையே வெகுநேரம் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பிப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

ஞானாம்பிகைக்கு மனசு ஆறவில்லை. பார்த்ததை நினைத்தால் கைகூப்பத் தோன்றியது. டி.சி.யை நினைத்தால் பயமாகவும் இருந்தது. மறுநாள் காலை பூஜை முடிந்ததும் புத்தகத்தோடு சுவாமியிடம் வந்தாள்.

"ஊராட்சியோட கடமைகள் இதுல இருக்கு சுவாமி. திங்கக்கிழமையே மனப்பாடம் பண்ண வச்சிடுதேன். அவர் வந்து கேட்டா, பிள்ளை ஒப்பிச்சிடும்."

சுவாமி காதைக் கொஞ்சம் சாய்த்தார்.

மேலத்தெருவில், குழலி வீட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. கடப்பாரை கல்லில் விழுகிற சத்தம். நின்றது. மறுபடியும் விழுந்தது.

"கேளுங்க அம்மா," என்றார் சுவாமி. "பிள்ளையோட அப்பா ஒப்பிக்காரு."