சத்தம் வராத கனவு

சாத்தூருக்கு வெளியே, பாழாய்ப்போன சுண்ணாம்புக் காளவாசல் ஒன்றில் ஒரு அம்மா இருந்தார். வயது நாற்பதுக்குள்தான். மனக்குறையைச் சொல்லி வழி கேட்க அவரிடம் வருகிறவர்கள் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். சீடர் பெத்துராஜுக்கு அறுபது. இவர் அவரைத் தாயி என்பார். அவர் இவரை அண்ணாச்சி என்பார். அதில் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

பெத்துராஜ் முப்பத்தைந்து வருஷம் சவுண்ட் சர்வீஸ் நடத்தியவர். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், எழவு, எதுவானாலும் அவர் கட்டின குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். சும்மா சொல்லக் கூடாது, மனுஷனுக்கு அப்படி ஒரு காது. ஊருக்கெல்லாம் இரைச்சலைக் கொடுத்துவிட்டு, தனக்கு மட்டும் நல்ல சத்தம் வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

“தினமும் ஒரே கனவு தாயி. எங்க வீட்டு ஹால்ல ரெண்டு ஸ்பீக்கர் நிக்குது. என் உசரம். வழுவழுன்னு மரம். மதுரையில ஒரு டாக்டர் வீட்ல கேட்டேன்னு சொன்னேன்ல, அதே ஜோடி. பாடுறவ எச்சில் முழுங்குறதுகூடக் கேட்டுச்சே, அது.”

“சரி.”

“எதிர்ல நாற்காலியில உக்காந்து பாட்டைப் போடுறேன். உள்ள கோன் தாள் அதிர்ந்து ஆடுது, கண்ணால பாக்குறேன். சத்தம் மட்டும் வரலை. அதோட எந்திரிச்சிடுறேன். ஏன் தாயி?”

“நாற்காலி எங்க கிடக்கு?”

“நட்ட நடு ஹால்ல. ரெண்டு பக்கச் சத்தமும் அந்த ஒரு இடத்துலதான் வந்து சேரும். ஸ்பீக்கர் கடைக்காரர் வீட்டுக்கே வந்து அளந்து சொல்லிட்டுப் போனார்.”

“இப்ப அந்த இடத்துல என்ன கிடக்கு?”

பெத்துராஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

“கட்டில்.”

“கட்டில்ல?”

“சீனி.”

சீனியம்மாள் அவர் மனைவி. பக்கவாதம் வந்து, கையும் காலும் வாயும் விழுந்து மூன்று வருஷமாகிறது. அந்தக் கட்டிலில்தான் சோறு, அந்தக் கட்டிலில்தான் எல்லாம். பெத்துராஜ் ஒரு குறை வைக்கவில்லை, ஆள் போட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனாலும் அந்த ஸ்பீக்கர் ஜோடியை வாங்கி ஹாலில் வைக்க வேண்டும் என்ற இருபது வருஷத்து ஆசை கிடந்து அரித்தது. விருதுநகரில் இப்படிப் படுத்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு விடுதி இருந்தது. சீனியம்மாளை அங்கே கொண்டுபோய் விட சனிக்கிழமை காலையில் வண்டி வர ஏற்பாடாகியிருந்தது. அதையும் ஒளிக்காமல் சொன்னார்.

“அவங்களைக் கேட்டீங்களா அண்ணாச்சி?”

“அவளாலதான் பேச முடியாதே.”

“பேசுவாங்களான்னு நான் கேக்கலையே.”

பெத்துராஜுக்கு விளங்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

“நாளைக்குப் பூரா அந்தக் கட்டில் பக்கத்துல உக்காருங்க. ரேடியோ, டிவி வேண்டாம். காதுல விழுந்ததை வந்து சொல்லுங்க.”

காதுக்கு வைக்கிற பரீட்சைதானே, இதிலா நாம் தோற்கப்போகிறோம் என்று போனார்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார். காலையில் வண்டி வந்து சீனியம்மாளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அதை முதலில் சொன்னார். பிறகு கேட்டதையெல்லாம் ஒப்பித்தார்.

“ஃபேன்ல பேரிங் தேஞ்சிருக்கு. அடுத்த வீட்டுக் குக்கர் விசில்ல காத்து ஒழுகுது. ஓட்டு மேல ஓடுற அணில் குட்டியா பெருசான்னு என்னால சொல்ல முடியும் தாயி.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“அவங்க?”

“அவ எப்பவும் போல முனகிட்டுக் கிடந்தா. அதெல்லாம் சேத்தியா?”

“எப்படி முனகினாங்க? செஞ்சு காட்டுங்க.”

அது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. சுருதிகூடப் பிசகவில்லை.

“ம்ம், ம்ம், ம்ம்ம். இப்படி. அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருப்பா. மறுபடி அதே.”

“சும்மா இருக்கும்போது?”

“என் மூஞ்சியையே பாப்பா.”

“இன்னொரு தடவை.”

“ம்ம், ம்ம், ம்ம்ம்.”

“இன்னொரு தடவை.”

மூன்றாவது தடவை பெத்துராஜால் முடிக்க முடியவில்லை.

தொழில் தொடங்கிய புதிதில் கூடமாட ஒத்தாசைக்கு ஆள் கிடையாது. பொட்டலின் அந்தக் கோடியில் வேப்பமரத்தில் ஏறி அவர் குழாயைக் கட்டுவார். இந்தக் கோடியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு புதுப்பெண் சீனி நிற்பாள். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பாள். சொல்லிவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மேலேயிருந்து அவர் “கேக்குது” என்று குரல் கொடுக்கிறவரைக்கும் விடமாட்டாள், மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பெத்துராஜ் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

“மூணு வருஷமா டெஸ்டிங் சொல்லியிருக்கா தாயி. நான் ஒரு பதில் குடுக்கலையே.”

அவர் செருப்பைக்கூட மாட்டாமல் ரோட்டைப் பார்த்து ஓடினார்.

அடுத்து அவர் வந்தது ஒரு மாதம் கழித்து. ஆள் பாதியாகியிருந்தார்.

“அன்னிக்குச் சாயங்காலமே போய்க் கூட்டிட்டு வந்துட்டேன். கட்டிலை அதே இடத்துல போட்டேன். ஸ்பீக்கர் வேண்டாம்னு சொல்லிட்டேன்.”

“முனகுறாங்களா?”

“இல்லை. வண்டியில ஏத்துனதுல இருந்து ஒரு சத்தம் இல்லை. அந்த விடுதி நர்ஸம்மா என்னைப் பாத்துச் சொல்லுது, உங்க வீட்டுக்காரம்மா தொந்தரவே இல்லாத ஆளுன்னு.”

“நீங்க?”

“நான் காதுப்பக்கம் குனிஞ்சு சொல்றேன். கேக்குது சீனி, கேக்குதுன்னு சொல்றேன். விடிஞ்சதுல இருந்து இதுதான் வேலை. அவ சுவரைப் பாத்துட்டுக் கிடக்கா.” அம்மாவின் முகத்தையே பார்த்தார். “நான் சொல்றது அவளுக்குக் கேக்குதா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க தாயி.”

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இதைத்தான் அவங்களும் மூணு வருஷமா நினைச்சிட்டுக் கிடந்தாங்க அண்ணாச்சி.”